அறுபதுக்கு மேல் முடக்குவாதம்: மூத்துப்போன எதிர்ப்புச் சக்தியோடு மருந்தை நடத்தும் முறை

எழுபது வயது அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்குகின்றன. காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மருத்துவர் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று சீட்டில் எழுதுகிறார். முடக்குவாதம், சரவாங்கி என்று ஊரில் சொல்வது இதைத்தான். உடனே வீட்டில் ஒரு கேள்வி எழும்: "வயசானா எதிர்ப்புச் சக்தி குறையும்னுதானே சொல்றாங்க? அப்புறம் எதுக்கு அதை அடக்க மருந்து?"

குறைவதும் உண்மை, அடக்க வேண்டியிருப்பதும் உண்மை. கிருமியை விரட்டும் வேலையில் மந்தமாகும் அதே எதிர்ப்பு மண்டலம், சொந்த மூட்டின் மேல் மட்டும் மூர்க்கமாகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. இது பிடிபட்டால்தான் எந்தப் பரிசோதனையை எப்போது கேட்பது, எந்தத் தடுப்பூசியை முந்திப் போடுவது, எந்த மாத்திரையை எந்த வாரம் நிறுத்துவது என்பதெல்லாம் பிடிபடும். கீழே உள்ள அளவுகள் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக. நீங்களே மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதற்காக அல்ல.

உள்ளே நடப்பது

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்களில் ஒரு பகுதி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பயிற்சி பெற்று டி அணுக்களாக வெளியே வருகிறது. சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய அணுக்களில் பெரும்பாலானவை அங்கேயே கழிக்கப்பட்டுவிடும். இந்தச் சுரப்பி பருவ வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கி, அறுபதை எட்டும்போது பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. புது ஆள் வருவது ஏறக்குறைய நின்றுபோனதும், இருக்கிற அணுக்களே மறுபடி மறுபடி பிரிந்து காலியிடத்தை நிரப்புகின்றன.

சிக்கல் இங்கேதான். உடம்பின் சொந்தப் புரதங்களை லேசாக அடையாளம் காணும் அணுக்களுக்குப் பிரியச் சொல்லும் தூண்டுதல் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே அவைதான் அதிகம் பெருகும். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியில் இருக்கும் டீலோமியர் கொஞ்சம் தேயும். சேலை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கப் போடும் குஞ்சம் போன்றது அது. தேயத் தேய இழை பிரிய ஆரம்பிக்கும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கார்னீலியா வெயண்ட், யோர்க் கொரோன்சி இருவரின் குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. முடக்குவாதக்காரர்களின் டி அணுக்கள், வயதைவிடச் சுமார் 20 ஆண்டு மூத்தவை போலத் தேய்ந்திருந்தன. நோய் தந்த களைப்பு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. முடக்குவாதத்தோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ.-டி.ஆர்.4 மரபணு வகை உள்ளவர்களுக்கு, நோய் வராத நிலையிலும் இந்தத் தேய்மானம் சீக்கிரமே தெரிந்தது. டி.என்.ஏ.வில் விழும் கீறல்களைப் பழுதுபார்க்கும் ஏ.டி.எம். என்ற புரதமும் நோயாளிகளின் அணுக்களில் குறைவு.

மூத்த டி அணு சும்மா இருப்பதில்லை. அதன் மேல்பரப்பில் இருந்த சி.டி.28 என்ற கொக்கி உதிர்ந்துபோகிறது. சாதாரணமாக ஒரு டி அணு தாக்குதலில் இறங்க இரண்டு அனுமதி வேண்டும். இரண்டாவது அனுமதி இந்தக் கொக்கி வழியாகத்தான் வரும். கொக்கி இல்லாத அணு அதற்குக் காத்திருக்காது. அழற்சிப் பொருள்களைக் கக்கும், எளிதில் சாகாது, மூட்டோடு நிற்காமல் இதய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புக்குள்ளும் போய் உட்காரும். முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும்போது, வழக்கமான மதிப்பெண்ணை 1.5ஆல் பெருக்க வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் அமைப்பு சொல்வதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

முடக்குவாதமா, வேறா?

அறுபதுக்கு மேல் தொடங்கும் முடக்குவாதம் பாடப்புத்தகப் படத்தைப் போல இருப்பதில்லை. நாற்பதில் வந்தால் விரல் கணுக்களில் மெல்ல ஆரம்பிக்கும். முதுமையிலோ ஒரே வாரத்தில் இரண்டு தோளும் தூக்க முடியாமல் போய், எடை குறைந்து, காய்ச்சலோடுகூடத் தொடங்கலாம். பெண்களுக்கே அதிகம் என்ற விகிதமும் இந்த வயதில் சுருங்கிவிடுகிறது. தோளும் இடுப்பும் மட்டும் பிடித்துக்கொள்ளும் பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்ற நோயும் இதே போலத் தொடங்கும். மணிக்கட்டிலோ விரலிலோ நிஜமான வீக்கம் இருக்கிறதா என்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும் முக்கியத் தடயம்.

ரத்த அறிக்கையைப் படிக்கையில் வயதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். வயதோடு ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி வரை ஏறக்குறைய இயல்பு. எழுபது வயதுப் பெண்ணுக்கு 40 இருந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் லேப் தாளில் 20க்கு மேல் என்றாலே அதிகம் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற எதிர்ப்பொருளின் நிலையும் அப்படித்தான். மூட்டில் ஒரு குறையும் இல்லாத முதியவர்களிலும் சிலருக்கு அது பாசிட்டிவாக வரும். முதுமையில் தொடங்கிய நிஜ முடக்குவாதத்திலோ அது நெகட்டிவாக வருவது இளவயதினரைவிட அதிகம். ஆன்டி-சி.சி.பி. பரிசோதனை இதைவிட நம்பகமானது. அந்த எதிர்ப்பொருள் நோய் தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் வந்துவிடுவதும் உண்டு.

மருந்துக்கு முன்

ஒரே தடவையில் எடுத்து முடிக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள், ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்-ரே. ஹெபடைடிஸ் பி-யில் இப்போதுள்ள தொற்றைக் காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் போதாது, பழைய தொற்றைக் காட்டும் ஆன்டி-எச்.பி.சி.யும் கேளுங்கள். பழைய தொற்று ஒளிந்திருந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தின்போது மீண்டும் கிளம்பலாம்.

கிரியேட்டினின்தான் பலர் ஏமாறும் இடம். 1.1 என்றால் நார்மல் என்று தோன்றும். எழுபத்தைந்து வயது, 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே 1.1ஐ வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டால், அதாவது 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால், வருவது சுமார் 35. தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகவே உற்பத்தியாகும் என்பதால் எண் நல்லதாகத் தெரிகிறது. முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. திறன் 60க்குக் கீழே என்றால் அளவைக் குறைக்க வேண்டும். 30க்குக் கீழே அதைத் தவிர்ப்பதே முறை.

காசநோய் மிகுந்த நாட்டில், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடைக்கும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளுக்கு முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடாமல் இருக்கவே கூடாது. கைத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மேண்டூ சோதனையில் 5 மி.மீ. தடிப்பு வந்தாலே இவர்களுக்குப் பாசிட்டிவ். ஆனால் மூத்த டி அணு கையில் தடிப்பை உண்டாக்கும் அளவுக்குக்கூடக் கிளம்பாமல் போகலாம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இன்னும் மோசம். எனவே நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி நிம்மதியடையாதீர்கள். எக்ஸ்-ரே, ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை, வீட்டில் யாருக்காவது காசநோய் வந்த வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்டை வீட்டில் கையாள்வது

முதல் மருந்து பெரும்பாலும் இதுதான். முதியவருக்கு வாரம் 7.5 அல்லது 10 மி.கி.யில் தொடங்கி, பலனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து ஏற்றுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தினமும் விழுங்கிவிட்டால் பத்து நாளுக்குள் வாயெல்லாம் புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுவும் தட்டணுவும் சரிவு என்று உயிருக்கே வந்துவிடும். இதைச் செய்துவிடுபவர்களில் முதியவர்கள்தான் அதிகம்.

தவறு எங்கே நேர்கிறது? கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையால். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். பெயர் ஒரே ஒலியில் தொடங்குகிறது. இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். ஒன்று வாரம் ஒருமுறை, மற்றது மற்ற நாள்களில். மாறிப்போக இதைவிட வேறென்ன வேண்டும்? மெத்தோட்ரெக்சேட் அட்டையைத் தினசரி மாத்திரை டப்பாவில் போடாமல் தனி டப்பாவில் வைத்து, அதன்மேல் 'வியாழன் இரவு மட்டும்' என்று பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் கொடுங்கள். சீட்டில் மண்டே என்று இருந்தால் அதை மார்னிங் என்று வாசித்துவிட வழியிருக்கிறது. வேறு கிழமை கேட்டு வாங்கலாம். 2.5 மி.கி. மாத்திரை பழகியவருக்குக் கடைக்காரர் 10 மி.கி. மாத்திரை தந்தால், அதே எண்ணிக்கையில் விழுங்கும்போது அளவு நாலு மடங்காகிவிடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் அச்சிட்ட மி.கி.யைப் படியுங்கள். எலும்புக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் இருந்தால் அதற்கு வேறு கிழமை.

ஃபோலிக் ஆசிட் வாரத்துக்குக் குறைந்தது 5 மி.கி. வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் நாளில் மட்டும் விட்டுவிடுவது வழக்கம். குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாம், அல்லது மருத்துவரிடம் கேட்டு அதே நாளில் 12 மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரிக்கலாம்; தோலுக்கடியில் போடும் ஊசியும் உண்டு. மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் சாப்பிடலாம். அதற்கு மேல் போனால் அடுத்த வாரக் கிழமைக்குக் காத்திருங்கள். இரண்டு வாரத்து அளவை ஒன்றாகச் சாப்பிடக் கூடாது.

முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் புதிதாக வந்தால் அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். பேதியாகி நீர் வற்றிப்போன வாரத்தில் மெத்தோட்ரெக்சேட் வேண்டாம். சிறுநீரகம் சுணங்கினால் வாராந்திர அளவே விஷமாகிவிடும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சாதுவான மருந்து என்பார்கள். அதற்கும் எடைக் கணக்கு உண்டு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மிகாமல். 50 கிலோ உள்ளவருக்கு 250தான் உச்சம். தினம் 400 என்று எழுதியிருந்தால் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு விழித்திரைப் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும். சிறுநீரகம் பலவீனம் என்றால் அதற்கும் முன்பே.

ஸ்டீராய்டும் வலி மாத்திரையும்

"வயசாயிடுச்சு, பெரிய மருந்தெல்லாம் எதுக்கு, கொஞ்சம் ஸ்டீராய்டு போதும்" என்ற பேச்சுதான் முதியவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி. பெரிய மருந்துக்குப் பயந்து பிரட்னிசலோனை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது எலும்பையும் சர்க்கரையையும் கண்ணையும் காவு கொடுத்து, ஏற்கெனவே மந்தமான எதிர்ப்புச் சக்தியை இன்னும் மந்தமாக்கும். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை பாலமாகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு சரி. மூன்று மாதத்துக்குள் இறக்கிவிடும் திட்டம் முதல் சீட்டிலேயே இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டு மயங்கி விழலாம். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி.

டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் வகைகள் வலியைக் குறைக்கும். மூட்டு அரிப்பைத் தடுக்காது. ரத்த அழுத்தத்துக்கு 'பிரில்' அல்லது 'சார்ட்டன்' என்று முடியும் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு மேலே இதையும் சேர்த்தால் சிறுநீரகம் ஒரே வாரத்தில் படுத்துவிடக்கூடும்.

தடுப்பூசி: வரிசைதான் முக்கியம்

மூத்த எதிர்ப்பு மண்டலத்தில் புதுக் கிருமியைக் கற்றுக்கொள்ளும் இளம் டி அணுக்கள் குறைவு. அதன் மேல் மருந்தும் சேர்ந்தால் தடுப்பூசி பாதிதான் பிடிக்கும். நோய் உறுதியான வாரத்திலேயே தடுப்பூசிப் பேச்சை எடுங்கள். ஆனால் ஊசிக்காக மூட்டு மருந்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. நோய் அடங்கியிருந்தால், போட்ட பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைப்பது நல்லது; தென்கொரிய ஆய்வுகளில் இப்படிச் செய்தவர்களுக்கு எதிர்ப்பொருள் கூடுதலாக உருவானது. இந்த இடைநிறுத்தம் ஃப்ளூவுக்கு மட்டும். உயிரற்ற மற்ற ஊசிகளுக்கு மருந்தைத் தொடரலாம். நிமோகாக்கல் ஊசியில் 20 வகை கொண்டது கிடைத்தால் ஒன்றே போதும். 13 வகை போட்டால் குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகை. அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளி. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே இரண்டாவது. விலை அதிகம்தான். முடக்குவாதமும் அறுபது வயதும் சேர்ந்தவருக்குப் எல்லா ஊசிக்கும் ஒரேயடியாகப் பணம் இல்லை என்றால், ஃப்ளூவும் நிமோகாக்கலும் முடிந்த பிறகு அதை வைத்துக்கொள்ளலாம். டோஃபாசிட்டினிப் போன்ற ஜேக் தடுப்பு மாத்திரை தொடங்கப் போகிறவருக்கு மட்டும் அக்கி ஊசி முதலில். ரிட்டுக்சிமாப் பெறுபவர்களுக்கு ஃப்ளூ தவிர்த்த ஊசிகளை அடுத்த டோஸ் வரவேண்டிய நேரத்தில் போட்டு, மருந்தை இரண்டு வாரம் தள்ளுவார்கள்.

டோஃபாசிட்டினிப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை வடிவம், இந்தியாவில் விலை மலிவு. அதனால் தாராளமாக எழுதப்படுகிறது. 50 வயதுக்கு மேல், இதய அபாயம் ஒன்றாவது உள்ளவர்களிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், டி.என்.எஃப். தடுப்பு ஊசி பெற்றவர்களைவிட இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. 65க்கு மேல், புகைத்தவர், இதயநோய் உள்ளவர் என்றால் வேறு வழியே இல்லாதபோதுதான் இது.

காய்ச்சல் வந்தால்

முதியவருக்குக் காய்ச்சலே வராமல் நிமோனியா வரும். திடீர்க் குழப்பம், சாப்பாட்டை ஒதுக்குவது, காரணமில்லாமல் விழுவது, இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம். டோசிலிசுமாப் ஊசி போடுபவருக்கு ஐ.எல்.-6 என்ற அழற்சிப் பொருள் அடைபட்டிருப்பதால், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறாது. அறிக்கை நார்மல், ஆள் மோசம் என்றால் ஆளை நம்புங்கள். தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தால் மெத்தோட்ரெக்சேட்டையும், டி.என்.எஃப். தடுப்பு, டோசிலிசுமாப் போன்ற உயிரியல் ஊசியையும் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்ற மூட்டெல்லாம் அமைதியாக இருக்க ஒரே ஒரு மூட்டு சிவந்து கொதித்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் என்றால் அக்கி. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அம்மை என்று வேப்பிலை கட்டிவிட்டு மூன்று நாள் பார்ப்பதற்குள் அந்த நேரம் போய்விடும்.

வீட்டுக் கணக்கு

மாதம் ஒருமுறை 28 மூட்டுகளை எண்ணுங்கள்: தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எட்டு, விரல் அடிக்கணு பத்து, கட்டைவிரல் கணுவோடு சேர்த்து நடுக்கணு பத்து. அமுக்கினால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை, 'இன்று எப்படி இருக்கிறது' என்பதற்கு 10க்கு நோயாளி போடும் மதிப்பெண் என்ன என்று குறித்து வைத்தால், மருத்துவர் தன் மதிப்பெண்ணையும் கூட்டி, நோயின் தீவிரத்தை எண்ணில் சொல்லும் சி.டி.ஏ.ஐ. கணக்கை முடிப்பார். 2.8 வரை நோய் அடங்கியது, 10 வரை லேசு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இ.எஸ்.ஆர். சேர்த்துக் கணக்கிடும் முறை முதியவருக்கு நோயை மிகைப்படுத்திக் காட்டலாம். இதில் அந்தக் குழப்பம் இல்லை. மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை, ஆறு மாதத்தில் இலக்கு எட்டவில்லை என்றால் மருந்தை மாற்றும் பேச்சை நீங்களே தொடங்கலாம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம், கஷாயம் எதுவும் தைமஸைத் திருப்பித் தராது. சீந்தில் கல்லீரலைக் கெடுத்த நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு அதைச் சேர்த்தால், நொதி ஏறும்போது எதன் வேலை என்றே தெரியாது. பெயரில்லாத பொடியில் வலி மாயமாய்ப் பறந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்றே சந்தேகப்படுங்கள். நிச்சயம் பலன் தருவது புகையை விடுவது. புகை நுரையீரலில் புரதங்களை உருமாற்றித்தான் ஆன்டி-சி.சி.பி. உருவாக வழி திறக்கிறது. ஈறு நோய்க்கும் பார்க்க வேண்டும். தசைக்காகக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம்: 50 கிலோவுக்கு 50 முதல் 60 கிராம், சிறுநீரகத் திறன் குறைந்தவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20; இட்லி சாம்பாரை மட்டும் நம்பினால் எட்டாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதை நாளுக்கு இரண்டு வேளை செய்யலாம். வீங்கியிருக்கும் நாளில் மூட்டை மெல்ல முழு அளவுக்கு அசைத்தால் போதும்.

கடைசியாக, பர்ஸில் ஒரு அட்டை: மெத்தோட்ரெக்சேட் எத்தனை மி.கி., எந்தக் கிழமை, ஸ்டீராய்டு எவ்வளவு நாளாக, கடைசி உயிரியல் ஊசி போட்ட தேதி, போட்ட தடுப்பூசிகள். அடியில் சிவப்பு மையில் 'கோட்ரைமாக்சசோல் கூடாது' என்று எழுதுங்கள். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாகத் தரும் அந்த மாத்திரை, மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே நிறுத்திவிடக்கூடியது. அதை எழுதித் தரும் மருத்துவருக்கு மூட்டு மாத்திரை பற்றித் தெரிந்திருக்காது.